வீட்டில் கலக்கும் அம்பர் செண்ட்: வாசம் ஒரு முழம் தாண்ட என்ன செய்ய வேண்டும்

அம்பர் என்ற இனிப்பும் கனமுமான பிசின் வாசத்தைக் கலக்குகிறவர்கள் எல்லாரும் ஒரே புகாரோடுதான் வருகிறார்கள். மணிக்கட்டில் மூக்கை வைத்தால் அருமையாக இருக்கிறது, ஒரு முழம் தள்ளி நின்றால் ஒன்றுமே இல்லை. உடனே என்ன செய்கிறார்கள்? லேப்டனம் என்ற செடிப் பிசின் இன்னும் கொஞ்சம், வனிலா இன்னும் கொஞ்சம். வாசம் இன்னும் கனமாகி, இன்னும் தோலோடு ஒட்டிக்கொள்கிறது.

அம்பரில் வீச்சு வேண்டுமென்றால் முதலில் பிசினின் பங்கைக் குறைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் தூக்கிவிடும் பொருள்களைச் சேர்க்க வேண்டும். இந்த வரிசை மாறினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பொருளும் உதவாது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வீட்டு மேசைக்கு வந்து பழகும் தம்பி தங்கச்சிகளுக்குச் சொல்வதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

0.01 கிராம் வரை காட்டும் தராசு ஒன்று. நகை நிறுக்கும் சின்னத் தராசே போதும். சொட்டு எண்ணிக் கலக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். பிசுபிசுப்பான லேப்டனத்தின் ஒரு சொட்டும் தண்ணீர் போல ஓடும் பெர்கமோட் என்ற எலுமிச்சை வகை எண்ணெயின் ஒரு சொட்டும் எடையில் ஒன்றல்ல, அடுத்த முறை அதே வாசம் வரவும் வராது.

வாசனைத் திரவியத்துக்கென்றே விற்கும் எத்தனால், 95 விழுக்காடோ அதற்கு மேலோ. மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோப்ரோப்பைல் வேண்டாம், அதன் சொந்த வாடை முதல் சில நிமிடங்களைக் கெடுத்துவிடும். ஹார்ட்வேர் கடை ஸ்பிரிட்டைத் தொடவே வேண்டாம். அதில் மெத்தனால் கலந்திருக்கலாம், அது தோலுக்கும் ஆகாது, மூச்சுக்கும் ஆகாது.

பொருள்கள்: லேப்டனம் அப்சலூட், பென்சாயின் ரெசினாய்டு, வனிலின் பொடி, பச்சோலி எண்ணெய், ஹெடியோன், ஐசோ ஈ சூப்பர், ஆம்பிராக்ஸான் (இந்த மூன்றும் ஆலையில் செய்யும் வாசனைப்பொருள்கள்), ஏலக்காய் எண்ணெய், வெயிலில் தோலைச் சுடவைக்கும் பெர்காப்டென் நீக்கிய பெர்கமோட். கடைசியாகச் சொன்னதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். சாதாரண பெர்கமோட்டைத் தோலில் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் கன்றிக் கறுத்துப்போகும், தோட்டத்து வெயிலில் கேட்கவே வேண்டாம்.

பென்சாயின் நம் சாம்பிராணிதானே, பூஜைக் கடையில் வாங்கலாமே என்று எல்லாரும் கேட்கிறார்கள். கட்டிச் சாம்பிராணியை எத்தனாலில் ஊறவைத்து வடிகட்டலாம், வாசமும் நன்றாகவே இருக்கும். ஆனால் எவ்வளவு கரைந்தது என்று தெரியாததால் அளவோடு வேலை செய்யும் இந்தப் பயிற்சிக்கு அது சரிவராது. கம்ப்யூட்டர் சாம்பிராணி பற்றி வாயே திறக்காதீர்கள், அதில் கரித்தூளும் மரத்தூளும்தான் அதிகம்.

இவை தவிர சின்னக் கண்ணாடிப் புட்டிகள், பிளாஸ்டிக் பிப்பெட்டுகள், ஒட்டும் லேபிள், ஒரு நோட்டு. முகர்ந்து பார்க்கத் தடிமனான ஓவியத்தாளை விரல் நீளத்துக்கு மெல்லிய பட்டைகளாக வெட்டி வைத்துக்கொண்டால் போதும்.

2. இடமும் நேரமும்

எத்தனாலின் ஆவி சுமார் 13 முதல் 17 டிகிரி வெப்பத்திலேயே தீப்பிடிக்கக்கூடியது. நம் ஊரில் விடியற்காலையில்கூட அதைவிடச் சூடு. அதனால் கேஸ் அடுப்பும் சாமி விளக்கும் எரியும் அறையில் புட்டியைத் திறக்கவே கூடாது.

வெள்ளிக்கிழமை மாலை சாம்பிராணி போட்ட வீட்டில் அம்பரை முகர்ந்து பார்ப்பதும் வீண். மூக்கு ஏற்கெனவே அதே வாசத்துக்குப் பழகியிருக்கும், கலவையில் பென்சாயின் குறைவாக இருப்பதாகத் தோன்றும், நீங்களும் கூட்டிவிடுவீர்கள். செம்பனை ஆலைப் பக்கமிருந்து காற்றடிக்கும் நாளும் அப்படித்தான். நான் காலை எட்டு மணிக்கு முன்பே, தாளிப்பு தொடங்குவதற்குள், மூக்கு வேலையை முடித்துவிடுவேன்.

நிறுக்கும்போது மட்டும் மேலே சுற்றும் காற்றாடியை நிறுத்துங்கள். அதன் கீழே தராசின் கடைசி எண் 0.02, 0.05, 0.01 என்று குதித்துக்கொண்டே இருக்கும், ஆம்பிராக்ஸான் போன்ற ஒன்றை அங்கே நிறுத்தால் கதை முடிந்தது. நிறுத்து மூடிய பிறகு காற்றாடியைப் போட்டு ஜன்னலையும் திறந்துவிடுங்கள்.

3. எல்லாவற்றையும் 10 விழுக்காட்டுக் கரைசலாக்குங்கள்

பலர் சோம்பல்பட்டுத் தாண்டிப் போகும் படி இது. ஒவ்வொரு பொருளிலும் 1 கிராமுக்கு 9 கிராம் எத்தனால் ஊற்றித் தனித்தனிப் புட்டியில் கரைத்து, பெயர், அளவு, தேதி எழுதி ஒட்டுங்கள்.

முதல் காரணம் தராசு. 0.03 கிராம் ஆம்பிராக்ஸானை இந்தத் தராசில் நம்பி நிறுக்க முடியாது, அதே அளவு 10 விழுக்காட்டுக் கரைசலில் 0.30 கிராம் ஆகிவிடும், அதை நிறுக்கலாம். அடுத்தது, எல்லாம் ஒரே 10 விழுக்காட்டில் இருப்பதால் எப்படிக் கலந்தாலும் முடிவும் 10 விழுக்காடுதான். கணக்குப் போடாமல் அப்படியே கையில் தொட்டுப் பார்க்கலாம்.

லேப்டனம் தார் போலக் கெட்டியாக இருக்கும். அதன் புட்டியை மூடியபடியே வெந்நீர்க் கிண்ணத்தில் சற்று நேரம் வைத்தால் இளகும், அப்போது நிறுத்து எடுங்கள். எத்தனால் சேர்த்த பிறகு சூடு காட்டக் கூடாது. மறுநாள் அடியில் கசடு தங்கினால் மேலாகத் தெளிந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

பென்சாயின் வாங்கும்போது அது எதிலாவது கரைத்து விற்கப்படுகிறதா என்று கேளுங்கள். பாதிக்குப் பாதி டி.பி.ஜி. (டைப்ரோப்பிலீன் கிளைக்கால்) என்ற கரைப்பான் கலந்து வருவது சாதாரணம். அப்படியானால் 2 கிராமுக்கு 8 கிராம் எத்தனால். இதைக் கேட்காமல் விட்டவர்களின் அம்பர் எப்போதும் லேப்டனம் தூக்கலாகவே இருக்கிறது, ஏன் என்று அவர்களுக்குப் புரிவதில்லை.

4. எலும்புக்கூடு: முதலில் மூன்றே பொருள்

அம்பர் என்ற பெயரில் ஒரே மூலப்பொருள் கிடையாது. லேப்டனத்தின் பதனிட்ட தோல் போன்ற கனமும், பென்சாயினின் மெத்தென்ற இனிப்பும், வனிலினும் சேர்ந்தால் வருவதுதான் அம்பர். அதனால் கரைசல்களில் முதலில் இதை மட்டும் கலக்குங்கள்: லேப்டனம் 3 கிராம், பென்சாயின் 4 கிராம், வனிலின் 1 கிராம்.

பட்டையின் நுனியை ஒரு சென்டிமீட்டர் நனைத்து, எத்தனால் பறக்க ஒரு நிமிடம் விட்டு, பிறகு முகருங்கள். தட்டையாக, கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும். இருக்கட்டும். இங்கே பார்க்க வேண்டியது மூன்றில் ஏதாவது ஒன்று மற்ற இரண்டை அமுக்குகிறதா என்பது மட்டும்தான். இந்த இடத்தில் ஏலக்காய் ஊற்றத் துடிக்கும் கையைக் கட்டிப்போடுங்கள்.

5. நிற்க வைத்துச் சமன் செய்தல்

சமநிலையை முதல் முகர்வில் தீர்மானிக்காதீர்கள். பட்டையில் நேரத்தை எழுதி, 15 நிமிடம், ஒரு மணி, நான்கு மணி, மறுநாள் காலை என்று திரும்பத் திரும்பப் பாருங்கள். பிசின்கள் மெதுவாக எழும்புகிறவை, மாலையில் தெரியும் குறை காலையில் முதல் முகர்வில் தெரியாது.

திகட்டுகிறதா? முதலில் வனிலினைக் குறையுங்கள். நம் வெக்கையில் இனிப்பு தூக்கலாகத் தெரியும், குளிர்நாட்டுக்காரர் எழுதிய அளவுகளை அப்படியே எடுத்தால் கேக் கடை வாசம்தான் வரும். 1 கிராமை 0.7 ஆக்கிப் பாருங்கள். வனிலினுக்குப் பதில் எத்தில் வனிலின் வாங்கியிருந்தால் அது பல மடங்கு வலுவானது, மூன்றில் ஒரு பங்கிலிருந்து தொடங்குங்கள்.

மருந்து, தார், பழைய தோல்பை போன்ற வாடை வந்தால் லேப்டனம் அதிகம். 3 கிராமை 2.5 ஆக்கி, பென்சாயினை அப்படியே விடுங்கள்.

இனிப்பும் இல்லை, மருந்தும் இல்லை, ஆனால் ஒரே சுவர் மாதிரி இருக்கிறதென்றால் பச்சோலி 0.5 கிராம். இது அடியில் உலர்ந்த மண் வாசத்தைக் கொடுத்து இனிப்பின் ஓரத்தை வெட்டும். இனிப்பைக் குறைக்கப் பெர்கமோட் ஊற்றுகிறவர்கள் அதிகம். அது அரை மணியில் பறந்துபோகும், இனிப்பு அங்கேயே உட்கார்ந்திருக்கும். மேலே பறக்கும் பொருளை வைத்து அடியில் இருக்கும் குறையைச் சரிசெய்ய முடியாது.

ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம். புதுப்புட்டியில், புது எழுத்து கொடுத்து. பழைய புட்டியிலேயே ஊற்றிக்கொண்டு போனால் எந்த இடத்தில் நன்றாக இருந்தது என்று திரும்பிப் போக வழியே இருக்காது.

6. இப்போதுதான் வீச்சு

மற்ற அளவுகளை மாற்றாமல் பச்சோலி மட்டும் சேர்த்திருந்தால் இப்போது 8.5 கிராம் இருக்கிறது. அதில் லேப்டனமும் பென்சாயினும் மட்டும் 7 கிராம், அதாவது 82 விழுக்காடு. பிரச்சினை முழுவதும் இந்த எண்ணில்தான் இருக்கிறது. ஒரு கலவையிலிருந்து ஒரு பொருள் எவ்வளவு ஆவியாகும் என்பது அந்தப் பொருளின் இயல்பை மட்டும் பொறுத்ததல்ல, கலவையில் அதற்கு எவ்வளவு பங்கு என்பதையும் பொறுத்தது. கனமான பிசின் தானும் எழும்பாது, பக்கத்தில் இருப்பதையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வாசம் நீண்ட நேரம் நிற்க இது நல்ல குணம், வெளியே வீச இதுவே தடை. கெட்டியாகிப்போன குழம்பில் மசாலா கொட்டினால் ஓடாது, தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

அதனால் இந்த 8.5 கிராமோடு, எல்லாம் 10 விழுக்காட்டுக் கரைசலாகவே, இந்த வரிசையில் சேர்க்கிறோம்.

ஹெடியோன் 2.5 கிராம். தனியாக முகர்ந்தால் லேசான மல்லிகையும் எலுமிச்சையும் போல இருக்கும், இதற்கா காசு கொடுத்தோம் என்று தோன்றும். கலவையில் இது காற்று புகும் இடத்தை உண்டாக்குகிறது. முதலில் இதைச் சேர்த்து நிறுத்திப் பாருங்கள், பாதி வேலை இதிலேயே முடிந்திருக்கும்.

ஐசோ ஈ சூப்பர் 1.5 கிராம். மெல்லிய மர வாசம், அம்பரின் அடியையும் மேலையும் இணைக்கிறது, பரவும் குணமும் உண்டு. சிலருக்கு இது வந்து வந்து மறையும், சிலருக்குத் தெரியவே தெரியாது. உங்கள் மூக்கை மட்டும் நம்பி இதைக் கூட்டாதீர்கள்.

பெர்கமோட் 1.5 கிராம், ஏலக்காய் 0.2 கிராம். முதல் இருபது முப்பது நிமிடத்துக்கான திறப்பு இவை. ஏலக்காய் கொஞ்சம் தவறினாலும் பாயசம் ஆகிவிடும், அதனால்தான் இந்த அளவு. இலவங்கப்பட்டை எண்ணெய் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம், அதிலுள்ள சின்னமால்டிஹைடு தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும், தொழிலில் இருப்பவர்களே அதற்கு மிகக் குறைந்த வரம்பு வைத்திருக்கிறார்கள்.

ஆம்பிராக்ஸான் 0.3 கிராம், கடைசியாக. மற்றதெல்லாம் பறந்த பிறகும் வெளியே வீசிக்கொண்டிருப்பது இதுதான்.

மொத்தம் 14.5 கிராம். பிசினின் பங்கு 82 விழுக்காட்டிலிருந்து 48க்கு இறங்கிவிட்டது. லேப்டனம் ஒரு துளிகூடக் குறையவில்லை, ஆனால் ஒரு தெளிப்பில் அது வரும் அளவு முன்பு வந்ததில் ஐந்தில் மூன்று பங்குதான். பயப்படாதீர்கள், தள்ளி நிற்பவருக்கு அம்பர் இப்போதுதான் போய்ச் சேரும்.

நோர்லிம்பனால், ஆம்பர் எக்ஸ்ட்ரீம் போன்ற பலமான அம்பர் மரப் பொருள்களைக் குறுக்குவழியாக நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. வீச்சு கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் போடுகிறவருக்கு அது சரியாகத் தெரியாமல் போவதும், பக்கத்தில் நிற்பவருக்கு மூக்கைச் சுரண்டுவது போல இருப்பதும் சாதாரணமாக நடக்கிறது. தொட்டே ஆக வேண்டுமென்றால் 1 விழுக்காட்டுக் கரைசலில், அதிலும் ஓரிரு சொட்டு எடையிலிருந்து தொடங்குங்கள்.

7. வீச்சைச் சோதிப்பது உங்கள் மூக்கால் அல்ல

அரை மணி நேரம் ஒரே வாசத்தோடு உட்கார்ந்திருந்தால் மூக்கு அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடும். ‘போகப் போக வாசமே இல்லை’ என்பவர்களில் பாதிப் பேருக்கு வாசம் இருக்கிறது, அவர்களுக்குத்தான் தெரியவில்லை.

நனைத்த பட்டையை ஒரு காலி அறையில் கிளிப்பில் தொங்கவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்ப் பத்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். கதவைத் திறந்ததும் முதல் மூச்சில் என்ன வருகிறதோ அதுதான் வீச்சு. இரண்டு கலவைகளை ஒப்பிட ஒரே அறையில் ஒன்றை இன்றும் மற்றதை நாளையும் தொங்கவிடுங்கள், இரண்டையும் சேர்த்து வைக்காதீர்கள்.

அப்புறம் கையில் தெளித்து, வீட்டில் யாரிடமாவது ஒரு கை தூரம், இரண்டு கை தூரம் என்று நிற்கச் சொல்லிக் கேளுங்கள். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்டால் அம்மா நல்லா இருக்கு என்றுதான் சொல்வார். ‘எந்த இடத்தில் வாசம் நின்றது?’ என்று கேளுங்கள். குளிர்சாதன அறையில் ஒரு முறை, வெளியே நிழலில் ஒரு முறை. ஏர்கானில் அடக்கமாகத் தெரியும் கலவை பேருந்து நிறுத்தத்தில் நாலு பேரைத் திரும்பிப் பார்க்க வைக்கும்.

முதல் பத்து நிமிடம் பிரமாதம், அப்புறம் சட்டென்று விழுகிறது என்றால் நடுவில் ஆளில்லை என்று அர்த்தம். லாவெண்டரோ ஜெரேனியமோ 0.5 கிராம் சேர்த்துப் பாருங்கள். பெர்கமோட்டைக் கூட்டினால் அந்த விழுதல் இன்னும் மோசமாகத்தான் தெரியும்.

புதுக் கலவை எதுவானாலும் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் விட்டுப் பார்த்த பிறகுதான் மற்றவருக்குக் கொடுக்க வேண்டும்.

8. பெரிய புட்டிக்குப் போகும்போது

சமநிலையும் வீச்சும் பிடித்துவிட்டதா, சரி, இப்போது கரைசலை விட்டு எத்தனால் கலக்காத நேர்ப்பொருளுக்கு வரலாம். புட்டியில் வாசனைப்பொருள் 15 விழுக்காடு போதும். வீச்சு போதவில்லை என்று 30க்கு ஏற்றுகிறவர்கள் திரும்பவும் அந்தப் பிசின் சிக்கலுக்குள்ளேயே போகிறார்கள், தோலிலும் பிசுபிசுக்கும்.

30 கிராம் செய்ய வாசனைப்பொருள் 4.5 கிராம், எத்தனால் 25.5 கிராம். அந்த 4.5 கிராமுக்குள்: பென்சாயின் 1.24, லேப்டனம் 0.93, ஹெடியோன் 0.78, ஐசோ ஈ சூப்பர் 0.47, பெர்கமோட் 0.47, வனிலின் 0.31, பச்சோலி 0.15. ஆம்பிராக்ஸானும் ஏலக்காயும் இப்போதும் 10 விழுக்காட்டுக் கரைசலாகவே, முறையே 0.93, 0.62 கிராம். அவற்றோடு 1.4 கிராம் எத்தனால் உள்ளே வந்துவிடுவதால் ஊற்றுவது 24.1 கிராம். பென்சாயின் பாதிக்குப் பாதி கலந்ததாக இருந்தால் 2.48 எடுத்து, எத்தனாலில் இன்னும் 1.24 குறையுங்கள்.

கெட்டிப் பொருளும் பொடியும் முதலில், கொஞ்சம் எத்தனால் விட்டுக் கரைந்த பிறகு எண்ணெய்கள், பெர்கமோட் கடைசியில். திறந்து கிடக்கும் புட்டியிலிருந்து முதலில் பறப்பது அதுதான்.

30 கிராம் என்பது 30 மில்லி ஆகாது. எத்தனால் தண்ணீரைவிட லேசு, இந்தக் கலவை சுமார் 36 மில்லி வரும், 30 மில்லி புட்டியை வைத்துக்கொண்டு வழியவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சாராய நெடியைக் குறைக்கச் சிலர் கொஞ்சம் தண்ணீர் சேர்க்கச் சொல்வார்கள். இலேசான கலவைகளுக்குச் சரி. பிசின் நிறைந்த அம்பரில் தண்ணீர் விழுந்தால் பால் போலக் கலங்கிவிடும், விட்டுவிடுங்கள்.

சாராயம் இல்லாமல் வேண்டும் என்று கேட்கும் நண்பர்களுக்கு டி.பி.ஜி.யில் உருளைப் புட்டியாக (ரோல்-ஆன்) செய்து தரலாம். ஆனால் வீச்சு குறையும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தெளிக்கும்போது எத்தனால் பறந்து வாசனைப்பொருளை மெல்லிய படலமாக விரித்துவிட்டுப் போகிறது. டி.பி.ஜி. அப்படிப் பறக்காது, வாசத்தையும் தன்னோடு இருத்தி வைத்துக்கொள்ளும்.

9. ஊற வைத்தல்

இறுக்கி மூடி, இருட்டான அலமாரியில் குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் நான்கு. தகரக் கூரைக்கு நேர் கீழே இருக்கும் பரண் வேண்டாம், காரில் வைக்கவே வேண்டாம். சூட்டில் முதலில் கெடுவது பெர்கமோட்.

முதல் நாள் கரடாகத் தெரிந்தது தானாக மழுங்கும், அதனால் இந்த இரண்டு வாரத்துக்குள் எதையும் சேர்க்கக் கூடாது. நிறம் கருத்துக்கொண்டே போகும், வனிலின் இருக்கும் எதுவும் அப்படித்தான், கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிடாதீர்கள். பிறகு அடியில் தங்கிய கசடைக் காப்பி வடிதாளில் வடிகட்டிவிட்டுத் தெளிப்புப் புட்டிக்கு மாற்றுங்கள்.

10. தெளிப்பதும் வீச்சில் சேர்த்திதான்

மெல்லிய பனி போலத் தெளிக்கும் மூடியைத் தேர்ந்தெடுங்கள். ஒரே இடத்தில் பீய்ச்சும் மூடி நல்ல கலவையையும் ஈரத் திட்டாக்கிவிடும். பரப்பு குறைவானால் ஆவியாவதும் குறைவு.

கழுத்தின் பின்பக்கம், முழங்கையின் உள்பக்கம், சட்டையின் உள்புறம். வெள்ளை வேட்டியிலும் வெளிர்நிறச் சேலையிலும் நேராக அடிக்காதீர்கள், லேப்டனமும் வனிலினும் பழுப்புக் கறை வைக்கும், துவைத்தாலும் முழுதாகப் போகாது. வியர்த்த தோலில் மேலும் மேலும் அடிப்பதைவிடக் கழுவித் துடைத்துவிட்டு ஒரு முறை அடிப்பது மேல்.

பிசின் அதிகமுள்ள கலவை மூடியின் துளையில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஊசியால் குத்தினால் துளை கோணலாகி அதற்கப்புறம் பீய்ச்சத்தான் செய்யும். மேல்மூடியைக் கழற்றி எத்தனாலில் சில மணி நேரம் போட்டு வைத்து, வெறும் எத்தனாலை இரண்டு மூன்று முறை அதன் வழியே தெளித்துவிட்டு மாட்டுங்கள்.